“ஒரு விரல்தானே, விடு” என்கிறார் கணவர்: விடலாமா?

கோவைக்கு அருகிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்.

அவருடைய கணவருக்கு 34 வயது. பம்ப் கம்பெனிகளுக்கு வார்ப்பு ஊற்றிக் கொடுக்கும் ஒரு ஃபவுண்டரியில், காண்ட்ராக்டர் மூலமாக ஆறு வருடமாக வேலை பார்த்தார். மாதச் சம்பளம் 18,000 ரூபாய். அங்கே ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். 2025 ஜூலையில் ஒரு மதியம், செயின் பிளாக்கில் (பாரம் தூக்கும் சங்கிலிக் கருவி) தூக்கிய 45 கிலோ பம்ப் பாடி ஒன்று கொக்கியிலிருந்து நழுவி இடது பாதத்தில் விழுந்தது. அப்போது காலில் இருந்தது ரப்பர் செருப்பு. கட்டைவிரல் நசுங்கிப்போய், அடியோடு எடுக்க வேண்டியதாயிற்று. பக்கத்து விரலிலும் நுனி எலும்பு போய்விட்டது.

கம்பெனி வண்டியிலேயே முதலாளிக்குத் தெரிந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். போகும் வழியில் சூப்பர்வைசர், “வீட்டில் ஆட்டுக்கல் விழுந்தது என்று சொல்லிவிடு, இல்லையென்றால் போலீஸ் கேஸ் ஆகி எல்லாருக்கும் அலைச்சல்” என்று சொல்ல, இவரும் அப்படியே சொல்லியிருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியிலும் அதுதான் இருக்கிறது. மருத்துவமனை பில் 85,000 ரூபாயை முதலாளி கட்டினார். பிறகு 25,000 ரூபாய் கையில் கொடுத்து, 20 ரூபாய் பத்திரத்தில் “இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். மூன்றரை மாதம் கழித்து, அக்டோபர் கடைசியில் வேலைக்குப் போனால், “நின்று வேலை செய்ய முடியாதவருக்கு இங்கே வேலை இல்லை” என்று காண்ட்ராக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். விபத்து நடந்து இப்போது ஒன்பது மாதம் ஆகிறது.

“செருப்போடு நின்றது என் தப்பு, கையெழுத்தும் போட்டாச்சு, முதலாளி நல்ல மனுஷன், ஒரு விரல்தானே விடு என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏதாவது வழி உண்டா? ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்கினால் அரசு வேலை கிடைக்குமா?” என்று கேட்கிறார் வாசகி. சம்பளச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பத்திரம் மூன்றையும் போனில் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்.

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பணக் கணக்கு அல்ல, செருப்பு பற்றி நீங்கள் எழுதியிருந்த இரண்டு வரி. ஹவாய் செருப்பின் வார் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில்தான் நிற்கும். கட்டைவிரல் இல்லாததால் நாலு அடிக்கு ஒரு தரம் செருப்பு கழன்று போகிறது, அதற்காகப் பின்னால் ஒரு பழைய துணியைக் கட்டிக்கொண்டு நடக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பைக்கில் கியரை மேலே தூக்க இடது கால் விரல்தான் வேண்டும், இப்போது குதிகாலால் தட்டிப் பார்க்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு விரல்தானே என்கிற பேச்சுக்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நடக்கும்போது உடம்பை முன்னால் தள்ளிவிடுவது கட்டைவிரல். அது போனால் பாரம் மற்ற விரல்களின் அடிப்பகுதிக்குப் போகும், நாளடைவில் அங்கே காய்த்துப்போகும். நாள் முழுக்க நின்றபடி பாரம் தூக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நீங்களும் உங்கள் கணவரும் இதை முதலாளி மேல் கேஸ் போடுவதா வேண்டாமா என்ற கேள்வியாகவே பார்க்கிறீர்கள். அது இரண்டாவது கேள்வி. காப்பீடு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதன் பதில் நீங்கள் அனுப்பிய சம்பளச் சீட்டில், பிடித்தங்கள் பகுதியில், பி.எஃப்.-க்குக் கீழே இருக்கிறது.

அந்த 135 ரூபாய்

ஜூன் மாதச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) என்று போட்டு 135 ரூபாய் பிடித்திருக்கிறார்கள். 18,000-க்கு 0.75 சதவீதம் சரியாக 135. தொழிலாளியின் பங்கு அது. முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். நீங்கள் “இ.எஸ்.ஐ. கார்டெல்லாம் எங்களுக்குக் கிடையாது, காண்ட்ராக்ட் ஆட்களுக்குத் தரமாட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். கார்டு கைக்கு வராமல் இருந்திருக்கலாம். காப்பீடு இருக்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலையில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம். காண்ட்ராக்ட் ஆள், கம்பெனி ஆள் என்ற பேதம் அதில் இல்லை. காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளி, அதாவது ஃபவுண்டரி ஓனர், கட்ட வேண்டும். சரி, சீட்டில் பிடித்துவிட்டு அலுவலகத்தில் கட்டவே இல்லை என்றால்? அப்போதும் உங்கள் கணவரின் உரிமை போகாது. காப்பீடு பெற்றவர் யார் என்று சொல்லும் இடத்தில் 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம், யாருக்காகப் பணம் கட்டப்பட்டதோ அவர் என்று மட்டும் சொல்லி நிற்கவில்லை. யாருக்காகக் கட்டப்பட வேண்டுமோ அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறது. அந்த ஒரு சொல்லால் தப்பித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்கிற அதிகாரம் இ.எஸ்.ஐ. கழகத்துக்கு உண்டு. பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டவர் மேல் நம்பிக்கை மோசடிக் குற்றமே சுமத்தலாம்.

இதிலிருந்து என்ன கிடைக்கும் என்று தோராயமாகச் சொல்கிறேன். நாள் சம்பளம் 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலைக்குப் போக முடியாமல் இருந்த காலத்துக்குத் தற்காலிக ஊன உதவி, நாள் சம்பளத்தில் 90 சதவீதம், அதாவது 540 ரூபாய். மூன்றரை மாதம் என்றால் 105 நாளுக்கு 56,700 ரூபாய். அதன் பிறகு நிரந்தர ஊன உதவி. சட்டத்தின் அட்டவணையில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சதவீதம் எழுதிவைத்திருக்கிறார்கள். படிக்கக் கொஞ்சம் கசாப்புக் கடைப் பட்டியல் போலத்தான் இருக்கும். கால் கட்டைவிரல், பாதத்தோடு சேரும் மூட்டிலேயே போனால் 14 சதவீதம். கட்டைவிரலில் கொஞ்சம் எலும்பு மட்டும் போனால் 3. மற்ற விரல்களில் ஒன்று முழுதாகப் போனால் 3, கொஞ்சம் எலும்பு மட்டும் போனால் 1. உங்கள் கணவருக்கு 14-உம் 1-உம் சேர்ந்து 15. அப்படியானால் 540-இல் 15 சதவீதம், நாளுக்கு 81 ரூபாய், மாதத்துக்கு ஏறக்குறைய 2,430.

“இவ்வளவுதானா?” என்று நினைப்பீர்கள். இது ஆயுள் முழுக்க வரும். வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் வரும். விலைவாசியை ஒட்டி அவ்வப்போது உயர்த்தவும் செய்கிறார்கள். 34 வயதுக்காரருக்கு இது பெரிய தொகை. இதோடு காலுக்கான மருத்துவமும், காலணிக்குள் வைக்கும் திண்டு போன்றவையும் இ.எஸ்.ஐ. பொறுப்பு. கோவையில் சிங்காநல்லூரிலேயே இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. எலும்புப் பிரிவில் காட்டிக் கேளுங்கள், துணி கட்டி நடக்க வேண்டியதில்லை.

முதலாளி நல்ல மனுஷன் என்கிறாரே உங்கள் கணவர், இருக்கட்டும். இதில் முதலாளி கையிலிருந்து ஒரு ரூபாயும் கேட்கவில்லை. மாதாமாதம் 135 கட்டிய காப்பீட்டில் போய், கட்டியதற்கான பலனைக் கேட்கிறோம், அவ்வளவுதான். அதை அவரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

ஆட்டுக்கல் எங்கே?

சிக்கல் இருப்பது இங்கேதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் “வீட்டில் ஆட்டுக்கல் விழுந்து காயம்” என்று இருக்கிறது. இ.எஸ்.ஐ. அதிகாரி அதைக் காட்டி, இது வேலையில் பட்ட காயமே இல்லையே என்று கேட்பார், கேட்கத்தான் வேண்டும். இந்தப் பொய்யைத் தொழிலாளியின் வாயிலிருந்தே வரவைப்பது இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் பழைய வழக்கம். வலியில் துடிக்கும் ஆள் எதைச் சொல்லச் சொன்னாலும் சொல்வார். அதற்காக அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

நீங்களே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “நாங்கள் இருப்பது லைன் வீட்டில் ஒற்றை அறை, எங்களிடம் ஆட்டுக்கல்லே கிடையாது, மிக்சிதான்.” சிரிக்கிற விஷயமில்லை, இதுவும் ஒரு சாட்சியம். இன்னும் இருக்கின்றன. அன்றைக்குக் கைரேகை வைத்து உள்ளே போன வருகைப் பதிவு. கம்பெனி வண்டியில் கொண்டுபோனது. உடன் வேலை செய்தவர் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பிய படம், அதில் மதியம் 3.40 என்று நேரம் இருக்கிறது என்கிறீர்கள். அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள், போனை மாற்றாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த 85,000 ரூபாய் பில். அது கம்பெனிக் கணக்கிலிருந்து போயிருந்தால் வங்கிப் பதிவு இருக்கும். வீட்டில் விழுந்த ஆட்டுக்கல்லுக்கு எந்த முதலாளி 85,000 கட்டுவார்? பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். “பணியின்போது ஏற்பட்ட காயத்துக்காக” என்று அதில் எழுதியிருக்கிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலாளி எழுதி வாங்கிய தாள் உங்களுக்கே சாட்சியாக நிற்கிறது.

உடன் வேலை செய்தவர்கள் வந்து சொல்லத் தயங்குவார்கள். வற்புறுத்தாதீர்கள், அவர்களுக்கும் அங்கேதான் சோறு. வேலை நேரத்தில் நடந்த விபத்து என்று காட்டிவிட்டால், அது வேலையால் நடந்ததுதான் என்று அனுமானிக்கச் சட்டமே சொல்கிறது. இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் வேலை.

செருப்போடு நின்றது யார் தப்பு?

உங்கள் கணவரை அதிகமாக அரிப்பது இதுதான் என்று தெரிகிறது. இ.எஸ்.ஐ.யைப் பொறுத்தவரை கவலையே வேண்டாம், கவனக்குறைவு என்று சொல்லி உதவித்தொகையைக் குறைக்க மாட்டார்கள். விதியை மீறியே ஒரு வேலையைச் செய்திருந்தாலும், அது முதலாளியின் தொழிலுக்காகச் செய்த வேலை என்றால் அதையும் பணிக்கால விபத்தாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது.

இ.எஸ்.ஐ. இல்லாத இடங்களுக்கு 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. அதில்தான் முதலாளிக்கு, தப்பு தொழிலாளியுடையது என்று சொல்லும் ஒரு தற்காப்பு உண்டு. அதுவும் எளிதில் கிடைப்பது அல்ல. பாதுகாப்புக் கருவி கொடுக்கப்பட்டிருக்க வேண்டும், அது ஊழியருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவர் வேண்டுமென்றே அதை ஒதுக்கியிருக்க வேண்டும், விபத்து நேரடியாக அதனாலேயே நடந்திருக்க வேண்டும். உங்கள் கணவருக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜோடி ஷூ கொடுத்தார்கள். அடி பிளந்துபோய், புதிது கேட்டதற்கு “அடுத்த லோடில் வரும்” என்றார்கள். அதன் பிறகு செருப்புதான். அந்தப் பட்டறையில் பாதிப் பேர் செருப்பில்தான் நிற்கிறார்கள், சூப்பர்வைசர் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போகிறார். இதை வேண்டுமென்றே ஒதுக்கியது என்று எந்த அதிகாரியும் சொல்ல மாட்டார். ஆனால் இதே தொழிலாளி, நல்ல ஷூவை லாக்கரில் வைத்துவிட்டுப் புழுக்கம் என்று செருப்பில் நின்றிருந்தால் என் பதில் இவ்வளவு தைரியமாக இருந்திருக்காது. படிக்கிற மற்றவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஷூ பற்றி இன்னொன்று. முனையில் இரும்புக் கூடு வைத்த பாதுகாப்பு ஷூவை 200 ஜூல் அடிக்குச் சோதிக்கிறார்கள். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி அது. உங்கள் கணவர் காலில் விழுந்தது 45 கிலோ, இடுப்பு உயரத்திலிருந்து. கணக்குப் போட்டால் அதைவிட ஒன்றே முக்கால் மடங்கு வருகிறது. ஷூ இருந்திருந்தால் அடி நிச்சயம் குறைந்திருக்கும், விரலே கூடத் தப்பியிருக்கலாம். ஆனால் ஷூ இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று அவர் தன்னையே தின்றுகொள்ள வேண்டாம். பாரம் ஏன் நழுவியது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. தூக்கும் சங்கிலி, கொக்கி எல்லாவற்றையும் தகுதியான ஆளை வைத்து 12 மாதத்துக்கு ஒரு தரமாவது முழுதாகச் சோதிக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டம் 1948-லேயே சொல்லிவிட்டது. அந்தக் கொக்கியின் தாழ்ப்பாள் உடைந்து கம்பியால் கட்டியிருந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். செருப்பைப் பற்றிப் பேசிய யாரும் அந்தக் கம்பியைப் பற்றிப் பேசவில்லை, பார்த்தீர்களா?

(அந்த இரும்புக் கூடு மடங்கி விரலை வெட்டிவிடும், அதனால் ஷூ ஆபத்து என்று பட்டறைகளில் ஒரு பேச்சு உண்டு. கூட்டையே மடக்குகிற அளவு பாரம் வெறும் காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.)

கையெழுத்துப் போட்ட பத்திரம்

அந்தப் பத்திரம் முதலாளிக்கும் உங்கள் கணவருக்கும் நடுவில் உள்ளது. இ.எஸ்.ஐ. கழகம் அதில் ஒரு தரப்பு இல்லை. ஆகவே இ.எஸ்.ஐ. உரிமையை அது தொடவே தொடாது. வாங்கிய 25,000-ஐத் திருப்பிக் கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

எதிர்பாராத காரணத்தால் இ.எஸ்.ஐ. பொருந்தாது என்று ஆகிவிட்டால் மட்டும் இழப்பீட்டுச் சட்டத்துக்கு வர வேண்டும். இரண்டும் சேர்த்து வாங்க முடியாது. இ.எஸ்.ஐ. உரிமை உள்ளவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் இழப்பீடு கேட்க முடியாது என்று சட்டம் தடுத்துவைத்திருக்கிறது. சிலர் உங்களிடம் “இரண்டு பக்கமும் போடலாம், லட்சக்கணக்கில் வாங்கித் தருகிறேன்” என்பார்கள். நம்பாதீர்கள்.

இழப்பீட்டுச் சட்டப்படி கணக்கு இப்படி வரும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள். அதில் 60 சதவீதம் 9,000. 34 வயதுக்கான பெருக்கெண் 199.40. பெருக்கினால் 17,94,600. அதில் 15 சதவீதம் 2,69,190 ரூபாய். ஒரு மாதத்துக்குள் கொடுக்காததால் 12 சதவீத வட்டியும், தகுந்த காரணம் இல்லை என்றால் பாதி வரை அபராதமும் சேரலாம். அங்கேயும் இந்தப் பத்திரம் பெரிதாக நிற்காது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய எந்த ஒப்பந்தமும் செல்லாது. சமரசம் என்றால் அதை இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாவிட்டால் முதலாளி முழுத் தொகையையும் கட்ட வேண்டும், ஆணையர் வேறு விதமாகச் சொன்னாலொழிய, கொடுத்ததில் பாதிக்கு மேல் கழிக்கவும் முடியாது. மருத்துவச் செலவுக்காகக் கொடுத்த 85,000-ஐ இழப்பீட்டில் கழிக்கவே கூடாது. “ஒரு லட்சத்துக்கு மேல் செலவு பண்ணியிருக்கிறேன்” என்று முதலாளி சொல்வாராம். மனிதராக நன்றி சொல்லலாம். சட்டக் கணக்கில் அது வேறு பக்கம்.

இரண்டு லட்சத்து அறுபத்தொன்பதாயிரம் ஒரே தடவையில் வருவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். மாதம் 2,430 என்பது ஒன்பது வருடம் மூன்று மாதத்தில் அந்தத் தொகையைத் தாண்டிவிடும். அப்போது உங்கள் கணவருக்கு 44 வயதுகூட ஆகியிருக்காது. என்னைக் கேட்டால் இ.எஸ்.ஐ. தான் உங்களுக்கு நல்லது. சட்டமும் அந்தப் பக்கமே தள்ளுகிறது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இ.எஸ்.ஐ. சட்டமும் இழப்பீட்டுச் சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டன. “பழைய சட்டம் எல்லாம் ரத்து, இனி ஒன்றும் கிடைக்காது” என்று காண்ட்ராக்டர் சொன்னாராம். உங்கள் விபத்து ஜூலையில் நடந்தது. அன்றைக்கு உண்டான உரிமை அன்றைய சட்டப்படி நிற்கும். புதிய தொகுப்பிலும் இந்தப் பாதுகாப்புகள் தொடர்கின்றன.

வேலையும் சான்றிதழும்

சான்றிதழ் விஷயத்தில் உங்களுக்கு ஏமாற்றம் தர வேண்டியிருக்கிறது. அரசு வேலை ஒதுக்கீட்டுக்கு ஊனம் குறைந்தபட்சம் 40 சதவீதம் இருக்க வேண்டும். கட்டைவிரலும் இன்னொரு விரல் நுனியும் போனதில் அந்த அளவு வராது. நான் மேலே சொன்ன 15 சதவீதம் வேறு, அது சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பி, அந்தச் சான்றிதழுக்காக ஆறு மாதம் அலைந்துவிட்டு, இ.எஸ்.ஐ. உதவி கேட்க வேண்டிய காலக்கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு.

அட்டவணையில் இல்லாத பாதிப்பு, உதாரணமாகப் பாதமே விறைத்துப் போவது, மற்ற விரல்கள் மடங்காமல் இருப்பது, இவற்றை மருத்துவக் குழு தனியாகப் பார்த்து மதிப்பிடும். என்ன வேலை செய்தவர் என்பதும் முக்கியம். கை இழந்த ஒரு தச்சரின் வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்று சொல்லி, அதை முழு ஊனமாகவே ஏற்றுக்கொண்டது உச்ச நீதிமன்றம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய தீர்ப்பு, இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. விரலுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவக் குழு முன்னால் உங்கள் கணவர் “நின்றபடி பாரம் தூக்குகிற வேலை” என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அங்கே போய் வலியை மறைத்து நிமிர்ந்து நடந்து காட்டுகிற ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். “ஒரு விரல்தானே” என்று அவர் அங்கே சொன்னால் அதையே எழுதிக்கொள்வார்கள். கொடுக்கிற சதவீதம் குறைவு என்று பட்டால் மேல்முறையீடு உண்டு.

வேலையைப் பொறுத்தவரை, வாயால் சொல்லி அனுப்பியது வேலைநீக்கம்தான். ஆறு வருடம் வேலை செய்தவரை நோட்டீஸும் நஷ்ட ஈடும் இல்லாமல் அனுப்ப முடியாது. தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அதற்கு முன்னால் ஃபவுண்டரிக்கும் காண்ட்ராக்டருக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போகட்டும்: வேலைக்குத் தயாராக இருக்கிறேன், உட்கார்ந்து செய்யும் கிரைண்டிங் அல்லது இன்ஸ்பெக்‌ஷன் வேலை கொடுங்கள் என்று. இதில் கோபம் வேண்டாம். பல முதலாளிகள் அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் பேச வருவார்கள். அந்த வேலையே இனி வேண்டாம், வேறு பார்க்கிறேன் என்றால் அதுவும் சரிதான். அப்போது சேரவேண்டியதைக் கணக்குத் தீர்த்து வாங்குங்கள். கம்பி கட்டிய கொக்கியைப் பற்றித் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துக்குப் புகார் கொடுப்பது உங்கள் விருப்பம். கொடுத்தவர் யார் என்பதை அவர்கள் வெளியில் சொல்லக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. ஐம்பது பேர் கொண்ட இடத்தில் யாரென்று ஊகிப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கொக்கியில் இன்றைக்கும் யாரோ பாரம் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

இனி செய்ய வேண்டியது

காலம்தான் உங்களுக்கு எதிரி. இ.எஸ்.ஐ. உதவியைப் பன்னிரண்டு மாதத்துக்குள் கேட்டுவிட வேண்டும். தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்லி நீதிமன்றத்தில் மன்றாட வேண்டியிருக்கும். உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் கூட இல்லை. இழப்பீட்டுச் சட்டத்துக்கு இரண்டு வருடம், அதாவது 2027 ஜூலை வரை.

சம்பளச் சீட்டின் மேல் பக்கத்தில் பத்து இலக்கத்தில் ஒரு காப்பீட்டு எண் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய படத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, வீட்டில் உள்ள தாளில் பாருங்கள். அந்த எண்ணோடு உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய், விபத்து எப்போது, எங்கே, எப்படி நடந்தது, யார் பார்த்தார்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். ஆட்டுக்கல் என்று சொல்லவைத்தது யார், எங்கே வைத்து என்பதை அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. முதலாளி அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கை அனுப்பப்படவில்லை என்பதையும் குறிப்பிடுங்கள், விசாரிக்க ஆள் அனுப்புவார்கள். தனியார் மருத்துவமனையில் பார்த்ததால் இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்று இருக்காது. வேறு மருத்துவச் சான்றையும் ஏற்றுக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. ஆகவே அறுவை சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே, கட்டு மாற்றிய சீட்டு வரை எல்லாவற்றையும் மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள்.

அலுவலகத்தில் உங்களைத் திருப்பி அனுப்பினால், கொடுத்த கடிதத்தையே பதிவுத் தபாலில் கோவை துணை மண்டல அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு எனக்கு எழுதுங்கள். அசல் எதையும் யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் மட்டும். அப்புறம், நீங்கள் தனியாகப் போய் வராதீர்கள். கணவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கையெழுத்து அவர்தான் போட வேண்டும்.